கெத்துன்னா மரியாதையா, திமிரா? எங்கேர்ந்து வந்துச்சு இந்த வார்த்தை?

கரண்ட்கட்_குமார் கேட்டது:

வீட்டு வாட்ஸப் குரூப்ல ஒரு பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு, முடிச்சு வைங்க யாராவது. தாத்தாவுக்கு சதாபிஷேகம் ஆச்சு, பட்டு வேட்டி கட்டி மாலையோட உக்காந்திருக்கற போட்டோவ போட்டாங்க, அக்கா பையன் காலேஜ் பர்ஸ்ட் இயர், கீழ "செம கெத்து தாத்தா"ன்னு போட்டுட்டான். பெரியப்பாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். கெத்துன்னா திமிர்டா, எண்பது வயசு மனுஷன பாத்து திமிர் புடிச்சவர்னு சொல்லுவியா, இதான் படிச்ச லட்சணமான்னு ஆரம்பிச்சு அவங்கப்பன் வரைக்கும் போயிட்டார். பையன் பாவம் "பெரிய தாத்தா, அது ரெஸ்பெக்ட்ல சொன்னது"ன்னு திரும்பத் திரும்ப டைப் பண்றான், கேக்க ஆள் இல்ல.

எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் சரின்னு படுது, அதான் கொழப்பம். ஒரே வார்த்தை எப்படி ரெண்டுக்கும் ஆகுது? அப்புறம் இது தமிழ் வார்த்தை தானா? உருதுன்றாங்க, இங்கிலீஷ்ன்றாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டீக்கடை_பெஞ்ச்:

ரெண்டு பேரும் கரெக்ட்டு குமாரு. பெரியப்பா காலத்துல கெத்துன்றது பெரியவங்க சின்னவங்கள திட்டறதுக்கு வச்சிருந்த வார்த்தை. "என்னடா, ரெண்டு காசு சம்பாதிச்சதும் கெத்து காட்டறியா", "அவன் கெத்து எல்லாம் எங்கிட்ட நடக்காது", இப்படித்தான் வரும். தகுதிக்கு மேல துள்றான்னு அர்த்தம். அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பான்னு சொல்றாங்களே, அந்தக் குடை தான் அன்னிக்கு கெத்து.

அப்புறம் திட்டு வாங்கின பசங்களே அந்த வார்த்தைய எடுத்து சட்டைல குத்திக்கிட்டாங்க. ஆமாடா கெத்துதான், இப்ப என்னன்ற மாதிரி. சென்னை காலேஜ் பஸ்ல "ரூட்டு தல"ன்னு ஒருத்தன் இருப்பான்ல, அந்த ரூட்ல வர்ற மொத்த பசங்களுக்கும் அவன் தான் லீடர், "எங்க ரூட்டு கெத்து"ன்னு பஸ் தகரத்த தட்டி பாடிட்டே போவானுங்க. அது அடிதடில போய் முடிஞ்சு பஸ் டே கொண்டாடறதுக்கே தடை போடற வரைக்கும் போனது வேற கதை. ஆனா அந்த வாய்கள்ல கெத்துன்றது திட்டு இல்ல, கௌரவம். அங்கேர்ந்து சினிமாவுக்கு போய், சினிமாலேர்ந்து மீம்க்கு வந்து, இப்ப உன் அக்கா பையன் வாயில நிக்குது. அவன் தாத்தாவுக்கு குடுத்தது அவன்கிட்ட இருக்கறதுலயே பெரிய பட்டம்யா.

சொல்பிடித்தான்:

மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு பாக்க அது எந்த வினையோட சேந்து வருதுன்னு பாத்தா போதும், பாதி வேலை முடிஞ்சுது.

மரியாதைய எடுத்துக்கங்க. மரியாதை குடுக்கறோம், வாங்கறோம், செலுத்தறோம், ஒருத்தர் மேல மரியாதை வைக்கறோம். எல்லாத்துலயும் ரெண்டு ஆள் வேணும், ஒருத்தர் குடுக்கணும் ஒருத்தர் வாங்கணும். கெத்துக்கு இதுல ஒண்ணு கூட ஒட்டாது. "நான் அவருக்கு கெத்து குடுத்தேன்"னு யாராவது சொல்லி கேட்டிருக்கீங்களா? கெத்தா நடப்பான், கெத்து காட்டுவான், கெத்த விடாம இருப்பான், கெத்து மெயின்டெயின் பண்ணுவான், கெத்து போச்சுன்னு பொலம்புவான். எல்லாமே அந்த ஒரு ஆளோடயே முடிஞ்சிருது. அடுத்தவன் குடுக்காட்டியும் தன்கிட்ட இருக்கறது கெத்து.

அதனாலதான் அது ரெண்டு பக்கமும் சாயுது. தானா நிமிந்து நிக்கறவன பாத்து நமக்கு புடிச்சா கெத்துன்றோம், புடிக்கலைன்னா அதே நிமிர்வ திமிர்ன்றோம். நிக்கறவன் ஒரே மாதிரி தான் நிக்கறான், பாக்கறவன் தான் வேற.

இதுல ஒரு புது மாற்றம் நடந்துட்டு இருக்கு. வீடியோவுக்கு கீழ வெறும் "கெத்து"ன்னு ஒரே வார்த்தைல கமெண்ட் போடறாங்க பாருங்க, வினையே இல்லாம, அங்க அது குடுக்கற பொருளா மாற ஆரம்பிச்சிருச்சு. வணக்கம், வாழ்த்துக்கள் மாதிரி. இன்னும் கொஞ்ச காலத்துல "கெத்து குடுத்தான்"னும் வந்தாலும் வரும்.

ராக்கெட்_ரவி:

இதுல இவ்ளோ ஆராய்ச்சி எதுக்கு. இங்கிலீஷ்ல கெட்டப். சினிமால புது கெட்டப்ல வர்றார்ன்றோம்ல, அது தேஞ்சு கெத்து ஆயிருச்சு. முடிஞ்சுது மேட்டர்.

ஓசூர்_ஒண்டி:

ரவி ப்ரோ, கெட்டப்பு தமிழ்ல கெட்டப்பாவே உசுரோட இருக்கே, வேஷம் ட்ரெஸ்ஸுன்ற அர்த்தத்துல. "ட்டப்பு" தேஞ்சா "த்து" எப்படி ஆகும்? டிக்கெட்டு டிக்கெத்துன்னா ஆச்சு?

நான் ஓசூர், வீட்ல தமிழ், தெருவுல பாதி கன்னடம். கன்னடத்துல இந்த வார்த்தை அச்சு அசலா இருக்கு, "கத்து"ன்னு எழுதுவாங்க ஆனா முதல் எழுத்த கங்கைல வர்ற க மாதிரி அழுத்தி சொல்லணும். நம்ம காட்டு கத்து இல்ல. அர்த்தம் மிடுக்கு, தோரணை, கொஞ்சம் அகந்தை. "அவன கத்து நோடு"ன்னா அவன் தோரணைய பாருன்னு. "கத்து கைரத்து"ன்னு ஜோடியாவும் சொல்வாங்க, அதுல ரெண்டாவது உருதுல மானம் ரோஷம்னு அர்த்தம் வர்ற வார்த்தை. அங்கயும் இதே கதை தான், பெருமையாவும் சொல்லலாம் நக்கலாவும் சொல்லலாம்.

அழுத்தி சொல்ற க தமிழ்ல எப்படி கெ ஆச்சுன்னு கேப்பீங்க. அது நம்ம வாய் வழக்கம் தாங்க. கங்கைய கெங்கைன்றோம், ஊர் ஊருக்கு கெங்கையம்மன் கோயில் இருக்கு. கதிய கெதின்றோம், "உன் கெதி அதோகெதி தான்". கவர்னர பாட்டிங்க கெவுனர்னாங்க. ஜனம் ஜெனம் ஆச்சு, பலம் பெலம் ஆச்சு, பழைய தமிழ் பைபிள்ல பெலன்னே அச்சடிச்சிருக்கும். வெளிலேர்ந்து வந்த வார்த்தைல முதல் எழுத்து அழுத்தமா இருந்தா பக்கத்துல இருக்கற அ-வ எ ஆக்கிடறது நம்ம பழக்கம். அதே கணக்குல அந்த கத்து கெத்து ஆகறதுல ஒரு ஆச்சரியமும் இல்ல. எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் போச்சுன்னு சண்டை போடறவங்க போடட்டும், ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்றது மட்டும் என்னோட தீர்ப்பு.

கரண்ட்கட்_குமார்:

ஓசூர் ப்ரோ சூப்பர். கெங்கை கெத்து லாஜிக்க குரூப்ல போட்டேன், பெரியப்பா பாத்துட்டு ப்ளூ டிக்கோட நிறுத்திட்டார், ஒண்ணும் சொல்லல. அப்ப உருது கனெக்‌ஷன் எதுவும் இல்லையா?

திருவல்லிக்கேணி_பாய்:

உருதுக்கு நான் வர்றேன். கெத்து நேரா உருதுலேர்ந்து வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கெத்துக்கு முன்னாடி மெட்ராஸ்ல இந்த வேலைய பாத்தது எங்க வார்த்தைங்க தான். ஆற்காட்டு நவாபு சேப்பாக்கத்துல அரண்மனை கட்டினது 1768ல. அவர் பின்னாடியே சிப்பாய், சமையக்காரர், குதிரைக்காரர், தையக்காரர்னு திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் தக்கனி உருது பேசற கூட்டம் நெறஞ்சு போச்சு. மீன்காரம்மாவும் ரிக்‌ஷாக்காரரும் எங்காளுங்களும் ஒரே தெருவுல பொழைக்கறப்ப வார்த்தை கடன் வாங்கறதுக்கு யார் கிட்ட பர்மிஷன் கேக்கணும்? நாஸ்தா, ஜல்தி, பேஜாரு, உஷாரு, பேமானி எல்லாம் அப்படி வந்தது தான்.

அதுல ஒண்ணு தவுலத்து. தௌலத்னா உருதுல சொத்து, செல்வம். ஆனா மெட்ராஸ்ல "இன்னாபா தவுலத்தா போறே"ன்னா கைல காசு இருக்குன்னு அர்த்தம் இல்ல, காசு இருக்கறவன் மாதிரி நடக்கறன்னு அர்த்தம். சொத்து போயி நடை மட்டும் நின்னுருச்சு பாருங்க. எங்க நானா, அதான் அம்மாவோட அப்பா, காலத்துல இப்ப நீங்க கெத்துன்னு சொல்ற எடத்துல எல்லாம் தவுலத்து தான். ஓசூர்க்காரர் சொன்ன கன்னடத்துலயும் தௌலத்து இதே அர்த்தத்துல உண்டு, கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு கித்தாப்பு. "பெரிய கித்தாப்பா வந்து நின்னான்". உருதுல கிதாப்னா பட்டம், ராஜா குடுக்கற டைட்டில். புஸ்தகத்துக்கும் கிட்டத்தட்ட அதே சத்தம் வரும், ஆனா அது வேற வார்த்தை, முதல் எழுத்த தொண்டைலேர்ந்து கொண்டாந்தா தான் பட்டம். பட்டம் வாங்கினவன் எப்படி வருவான்னு யோசிச்சா கித்தாப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு வெளங்கிரும். தில்லு கூட மனசுன்னு தான் ஒரிஜினல் அர்த்தம், இங்க வந்து துணிச்சல் ஆயிருச்சு. எங்க பாஷைலேர்ந்து வந்தது எல்லாம் மெட்ராஸ் வந்ததும் நெஞ்ச நிமித்திக்குது, ஏன்னு தெர்ல பா.

ஓசூர்_ஒண்டி:

பாய், தௌலத்து உண்டு உண்டு. "தௌலத்து தோரிஸ்பேடா"ன்னு எங்க ஹெட்மாஸ்டரே திட்டுவாரு.

ஃபைல்_நம்பர்_420:

குமார் கேட்ட தமிழ் வார்த்தை தானான்ற கேள்வி கவர்மென்ட் வரைக்கும் போயிருக்குங்க, யாருக்கும் ஞாபகம் இல்லையா. 2006ல படத்துக்கு தமிழ்ல பேர் வச்சா கேளிக்கை வரி கிடையாதுன்னு சொன்னாங்க, அப்புறம் 2011ல யு சர்டிபிகேட்டும் வேணும், அது இதுன்னு கண்டிஷன் சேத்தாங்க. 2016 பொங்கலுக்கு "கெத்து"ன்னே ஒரு படம் வந்துச்சு, உதயநிதி நடிச்சது. அதுக்கு வரிவிலக்கு தர முடியாதுன்னுட்டாங்க. காரணம் கெத்து தமிழ்ச் சொல் இல்லையாம். ஐகோர்ட் வரைக்கும் போச்சு அந்த கேஸு. எந்தக் கட்சி ஆட்சி, யார் படம்ன்றத எல்லாம் நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கங்க, நான் அரசியல் பேச வரல. நாடு முழுக்க ஆட்டோ பின்னாடி எழுதி ஒட்டியிருக்கற ஒரு வார்த்தைய தமிழான்னு முடிவு பண்ண ஒரு கமிட்டி உக்காந்து பைல்ல நோட் போட்டிருக்கும்ல, அந்த பைல மட்டும் ஒரு தடவ படிக்கணும் எனக்கு.

தமிழய்யா_ரிட்டயர்டு:

தம்பிகளா, வேர் வெளியில இருந்தா தமிழ் இல்லைன்னு சொன்னா மொதல்ல வெளிய போக வேண்டியது மரியாதை தான். அது வடமொழி மர்யாதா. அங்க அதுக்கு எல்லை, வரம்பு, கரைன்னு பொருள். ராமனுக்கு மரியாதா புருஷோத்தமன்னு பேர் வந்தது அவர் எல்லார்கிட்டயும் வணக்கம் வாங்கினதால இல்ல, வரம்பு மீறாதவர்ன்றதால. இந்தப் பழைய வாசனை நம்ம பேச்சுல இன்னும் போகலை. "மரியாதையா எடத்த காலி பண்ணு"ன்னு ஒருத்தன் சொன்னா அதுல மரியாதை எங்க இருக்கு? ஒன் எல்லைல நில்லு, தாண்டாதேன்னு மெரட்டறான். "மரியாதை கெட்டுரும்"னா வரம்பு ஒடையப் போகுதுன்னு எச்சரிக்கை.

கோயில்ல முதல் மரியாதை, பரிவட்டம், மாலை எல்லாம் யாருக்கு எந்த வரிசையில தரணும்ன்றதுலயும் அதே எல்லைக்கோடு தான். யார் முன்னாடி நிக்கணும், யார் பின்னாடி நிக்கணும்னு கோடு கிழிச்சு வச்சதுக்குப் பேர் மரியாதை. அதுக்காக ஊர் ரெண்டாகி கோர்ட்டுக்குப் போன கதை எல்லா மாவட்டத்துலயும் உண்டு. சொல்பிடித்தான் சொன்னத நான் இன்னும் கொஞ்சம் இழுக்கறேன். மரியாதை அடுத்தவன் குடுக்கறதுன்னா, குடுக்க மாட்டேன்னு மறுக்கவும் அவனால முடியும். அந்த வரிசைல எடம் கெடைக்காதவன், எத்தன தலமுறையா பரிவட்டத்த தூரத்துலேர்ந்து பாத்தவன், குடுக்காட்டி போ, எனக்கு நானே வச்சுக்கறேன்னு சொல்ற வார்த்தை தான் கெத்து. மெட்ராஸ் குப்பத்துலயும் கானா பாட்டுலயும் இது ஏன் இவ்வளவு வலுவா இருக்குன்னு யோசிங்க. வெறும் பந்தான்னு தள்ளிட்டுப் போறவங்களுக்கு அது தட்டுப்படாது.

ராக்கெட்_ரவி:

ஐயா இது செம பாயிண்ட். கெட்டப் தியரிய நான் இன்னும் வாபஸ் வாங்கல, ஆனா இது செம.

வினைல்_விக்கி:

ஐயா சொன்னதுக்கு அமெரிக்கால ஒரு ஜோடி இருக்கு. ஹிப்ஹாப் கேக்கறவங்களுக்கு ப்ராப்ஸ்ன்ற வார்த்தை தெரியும், பாராட்டு, மரியாதைன்னு அர்த்தம். கறுப்பின மக்கள் பேச்சுல இருந்த "ப்ராப்பர்ஸ்" சுருங்கினது அது, எனக்கு சேர வேண்டிய முறையான மரியாதைன்ற அர்த்தத்துல. ஓடிஸ் ரெட்டிங் 1965ல எழுதிப் பாடின "ரெஸ்பெக்ட்" பாட்ட 1967ல அரீத்தா ஃப்ராங்க்ளின் மாத்திப் பாடினப்ப அந்த ப்ராப்பர்ஸ உள்ள வச்சாங்க, ஆம்பள கேட்ட மரியாதைய பொம்பள திருப்பிக் கேக்கற பாட்டா ஆயிருச்சு. ஆனா ஒரு வித்யாசம், ப்ராப்ஸ அடுத்தவன் தான் குடுக்கணும், "எனக்கு குடு"ன்னு கேக்கலாம். கெத்த கேட்டு வாங்க முடியாது. கேட்டாலே போச்சு.

யாழ்_தம்பி:

எங்கட பக்கத்துல கெத்து எண்டுறது உங்கட படங்களோட வந்து சேந்தது தான் அண்ணை, இப்ப பெடியள் எல்லாம் பாவிக்கினம். அம்மம்மாவுக்கு சொன்னா விளங்காது. அவ "எடுப்பு" எண்டு தான் சொல்லுவா, "அவளுக்கு சரியான எடுப்பு, கண்டாலும் கதைக்கமாட்டாள்" எண்டு. அதுக்குப் பிறகு வந்த ஆக்கள் "லெவல் காட்டுறான்" எண்டு சொல்லுறது. ஆனா கவனிச்சுப் பாருங்கோ, எடுப்பும் லெவலும் ரெண்டும் பழிச்சுச் சொல்லுறது தான். "சரியான லெவல் தாத்தா" எண்டு ஒரு பிள்ளை படத்துக்குக் கீழ போட்டா எங்கட வீட்டிலயும் சண்டை தான் வரும். புகழுறதுக்கு எங்களிட்ட இப்பிடி ஒரு சொல் இல்லாததால தான் உங்கட கெத்து இவ்வளவு சுகமா உள்ள வந்திட்டுது எண்டு நினைக்கிறன்.

மதுரை_மல்லிகா:

எல்லா அண்ணனும் நல்லாத்தான் பேசுறீக. ஒருத்தராச்சும் ஒரு பொம்பளைய பத்தி கெத்துன்னு சொன்ன உதாரணம் குடுத்தீகளா? அரீத்தாவ விட்டுட்டேன், அவுக அமெரிக்கா.

சொல்பிடித்தான் சொன்னாரு, புடிச்சா கெத்து புடிக்கலைன்னா திமிருன்னு. அத விட ஈஸியான கணக்கு ஒண்ணு இருக்கு. ஆம்பள பண்ணுனா கெத்து, பொம்பள பண்ணுனா திமிரு. புல்லட்டுல போனா அவன் கெத்து, நான் போனா "யாருடா அது திமிரு புடிச்சவ". வாய தொறக்காம நின்னா அவரு கெத்தா நிக்காரு, நான் நின்னா மூஞ்சிய தூக்கி வச்சிருக்கேன். எங்கூர்ல லந்து, சலம்பல், அலப்பறைன்னு ஆம்பள பண்ற சேட்டைக்கு எத்தன பேரு, ஒவ்வொண்ணையும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாக. பொம்பளைக்குன்னு இருக்கறது பவுசு, பகட்டு, பிகு, மேனாமினுக்கி, இதுல ஒண்ணயாச்சும் சிரிச்ச மொகத்தோட சொல்லி கேட்டிருக்கீகளா?

இப்ப கொஞ்சம் மாறிருக்கு, அத ஒத்துக்கறேன். எங்க தெருவுல ஒரு அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆட்டோ ஓட்டுறாக, பின்னாடி கண்ணாடியில "கெத்து"ன்னு பெருசா எழுதி வச்சிருக்காக. மொதல்ல ஸ்டாண்டுல இருந்த ஆம்பளைக கிண்டல் பண்ணுனாக, இப்ப அவுக பேரே கெத்தக்கா தான். சவாரி கேட்டு போன் பண்றவுக கூட கெத்தக்கா இருக்காகளான்னு தான் கேக்காக.

கரண்ட்கட்_குமார்:

அக்கா, இத வீட்டு குரூப்ல போடலாமா? எங்க அத்தை ஒருத்தங்க இருக்காங்க, பதினஞ்சு வருஷமா தனியா ரைஸ்மில் நடத்தறாங்க, அவங்கள பத்தி இதே பெரியப்பா என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும்.

மதுரை_மல்லிகா:

தாராளமா போடு தம்பி. அத்தைகிட்ட மொதல்ல காட்டிட்டு போடு.

டீக்கடை_பெஞ்ச்:

குமாரு போட்டியா இல்லையா, பெரியப்பா என்ன சொன்னாரு? ரெண்டு நாளா இந்தப் பக்கமே காணோம்.